பல்லைக் கடித்துக்கொண்டு

1

என் மனைவி தன் போனில் பதிவு செய்த ஒலியைப் போட்டுக் காட்டிய அந்தக் காலை வரைக்கும், நான் இரவில் நன்றாகத் தூங்குகிற ஆள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பதிவு ஒரு நிமிடம்கூட இல்லை. முதலில் ஃபேன் ஓடும் சத்தம். பிறகு யாரோ புரண்டு படுக்கிறார்கள். அதன் பிறகு அது வருகிறது. கல்லோடு கல் உரசுவதுபோல ஒரு நறநறப்பு. இரண்டு மூன்று நொடி. ஒரு இடைவெளி. மறுபடியும்.

"மூணு மாசமா சொல்றேன், நம்ப மாட்டேங்கிற. பக்கத்து வீட்டுல மொசைக் பாலிஷ் போடுற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். ராஜபாளையத்தில், ஓர் அறையும் அடுப்படியும் மட்டுமே இருந்த எங்கள் வாடகை வீட்டில், கோரைப்பாயில் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு சிறுவயது முழுக்கக் கேட்ட சத்தம். அது அம்மாவின் சத்தம்.

உடம்பு அதற்கு முன்பே பல வழிகளில் சொல்லிப் பார்த்திருந்தது. காலையில் எழுந்தால் தாடை இறுகிப்போய் இருக்கும். இட்லியை மெல்வதற்கே அலுப்பாக இருக்கும். கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மதியத்துக்குள் நெற்றிப்பொட்டில் வலி ஆரம்பித்துவிடும். பவர் மாறியிருக்கும் என்று கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கினேன். காது வலிக்கிறது என்று ஈ.என்.டி. டாக்டரிடம் போனேன். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு "காது சுத்தமா இருக்கு" என்று அனுப்பிவிட்டார். பதினான்கு வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். பிழை ஒரு சர்வீஸில் இருக்கும், எர்ரர் வேறொரு சர்வீஸின் லாகில் வந்து விழும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் என் உடம்பு என்று வந்தபோது, வலிக்கிற இடத்தில்தான் கோளாறு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அலைந்தேன்.

தாடை மூட்டு காதுக்கு நேர் முன்னால் இருக்கிறது. இதை வாசிக்கும்போதே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், விரலுக்கடியில் எலும்பு நகர்வது தெரியும். கதவுக் கீலைப்போலச் சுழல்வதோடு நிற்காமல் முன்பக்கமாகச் சறுக்கவும் செய்கிற மூட்டு அது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல ஒரு சின்னத் தட்டு உண்டு. அது இடம் பிசகியிருந்தால், வாயைத் திறக்கும்போது எலும்பு அதன் மேல் ஏறுகிற சத்தம்தான் அந்த 'டக்'. இப்போது பொட்டில் விரலை வைத்துப் பல்லை அழுத்திக் கடித்துப் பாருங்கள். அங்கே ஒரு தசை புடைக்கும். அதுவும் கடிப்பதற்கான தசைதான், காதுக்கு மேலே விசிறிபோல விரிந்து கிடக்கிறது. நான் தலைவலி என்று நினைத்தது, இரவு முழுக்க ஓவர்டைம் பார்த்த ஒரு தசையின் அசதி.

பல் விரிசல் விட்டது அதற்கும் பிறகு. ஆபீஸில் மாலை டீயோடு கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன். கடிக்கும்போது ஒன்றுமில்லை. கடித்துவிட்டுத் தாடையை விடுவித்த கணத்தில் கரன்ட் அடித்ததுபோல ஒரு வலி கீழ்த்தாடையில் ஏறி காதுவரை போனது. கடித்தால் வலிக்காது, விட்டால் வலிக்கும். இப்படியொரு வலியை யாரிடம் போய்ச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் அதே வலி. நானும் எல்லோரும் செய்வதையே செய்தேன். வலது பக்கமாக மெல்லப் பழகிக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினேன். இந்த வாக்கியத்தை எழுதும்போதுதான் அதில் இருக்கும் கேலி உறைக்கிறது.

2

வேளச்சேரியில் ஒரு சின்ன கிளினிக். ஐம்பதை நெருங்கும் பெண் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு உதவியாளரிடம் "முப்பத்தாறு" என்றார். நான் என் வயதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அப்போது 36 வயதுதான். அது பல்லின் எண்ணாம். வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, முதல் இலக்கம் பகுதியையும் இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் குறிக்கிற முறை. 3 என்றால் கீழ் இடது. 6 என்றால் ஆறாவது பல், முதல் கடைவாய்ப்பல். வரிசையும் நிரலும் கொண்ட அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. வலி கொஞ்சம் குறைந்ததுபோலக்கூட இருந்தது.

ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டைப் பல்லின் ஒவ்வொரு முகட்டிலும் வைத்து "கடிங்க" என்றார். பிறகு "விடுங்க". மூன்றாவது முகட்டில் விடும்போது நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

"விரிசல்" என்றார். கடிக்கும்போது விரிசல் லேசாக வாய் திறக்கிறது. விடும்போது சட்டென்று மூடிக்கொள்கிறது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் முழுக்க நுண்ணிய குழாய்கள், அவற்றில் திரவம். விரிசல் மூடும் வேகத்தில் அந்தத் திரவம் அசைந்து உள்ளே இருக்கும் நரம்பை உதைக்கிறது. நான் கூச்சப்பட்டு மறைத்த வலிக்கு 1964இலேயே கேமரன் என்கிற அமெரிக்கப் பல் மருத்துவர் பெயர் வைத்துவிட்டார். 'க்ராக்டு டூத் சிண்ட்ரோம்'. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. முன்னிருந்து பின்னாக ஓடும் விரிசல் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாதாம். ஒரு சிறு விளக்கைப் பல்லின் பக்கவாட்டில் வைத்து கண்ணாடியில் காட்டினார். பல்லின் பாதிவரை வெளிச்சம் பரவி, ஒரு கோட்டில் வந்து நின்றுவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருட்டு.

"வேர் வரைக்கும் இறங்கியிருந்தா எடுத்துடணும். இல்லைன்னா ரூட் கேனால் பண்ணி கேப் போட்டுடலாம். தொறந்து பாத்தாதான் தெரியும்."

திறந்து பார்த்தார். இறங்கியிருக்கவில்லை. மூன்று முறை போய்வந்ததில் நரம்பை எடுத்து, வேர்க்குழாய்களை அடைத்து, மேலே செராமிக் கேப் போட்டார். "எத்தனை வருஷம் தாங்கும் டாக்டர்?" என்றேன். "நீங்க எப்படி வச்சுக்கிறீங்கங்கிறதப் பொறுத்து" என்றார். எங்கள் தொழிலிலும் வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் சொல்கிற பதில் இதேதான்.

பிறகு அச்செடுத்து நைட் கார்டு செய்து கொடுத்தார். மேல் வரிசைப் பற்களின் மேல் மாட்டிக்கொள்கிற, கண்ணாடிபோலத் தெளிவான, கடினமான அக்ரிலிக் தட்டு.

"இதப் போட்டா கடிக்கிறது நின்னுடுமா?"

"நிக்காது. பல்லு தேயறதுக்குப் பதிலா இது தேயும். அவ்ளோதான்."

எங்கள் மொழியில் சொன்னால் இது வெறும் ட்ரை-கேட்ச். பிழை அப்படியே இருக்கும், புரோகிராம் மட்டும் விழாது.

எனக்கு அது போதவில்லை. காரணம் வேண்டும். "டென்ஷன்தானே டாக்டர்? பகல்ல அடக்கி வச்ச கோபம் ராத்திரி வெளிய வருது, அப்படித்தானே?" அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே "அப்படி நேரா கோடு போட்டுச் சொல்ல முடியாதுங்க" என்றார். முன்பெல்லாம் மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகப் பொருந்தாததுதான் காரணம் என்று சொல்லி நல்ல பல்லை ராவிவிட்ட காலம் உண்டாம். இப்போது அது பல்லின் கோளாறு இல்லை, தூக்கத்தின்போது மூளையில் நடப்பது என்கிறார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் அல்ல, பெரும்பாலும் மேலோட்டமான தூக்கத்தில்தான் நடக்கிறது. தூக்கம் ஒரு கணம் லேசாகக் கலைகிறது, நமக்குத் தெரிவதில்லை. முதலில் இதயத் துடிப்பு ஏறுகிறது, அப்புறம்தான் தாடைத் தசை இறுகுகிறது. காபி, மது, சிகரெட், சில மனஅழுத்த மாத்திரைகள், குறட்டையோடு மூச்சு தடைபடும் நோய், எல்லாவற்றுக்கும் அதில் பங்கு இருக்கலாம். குடும்ப வழியாகவும் வரும். மன அழுத்தமும் ஒரு காரணம், ஆனால் ஒரே காரணம் அல்ல.

"ஆனா முழிச்சிருக்கும்போது கடிக்கிறீங்கல்ல, அதுக்கும் டென்ஷனுக்கும் நெருக்கம் ஜாஸ்தி."

"நான் முழிச்சிருக்கும்போது கடிக்கிறதில்லையே."

"இப்ப கடிச்சுக்கிட்டுதான் இருக்கீங்க" என்றார். நாக்கால் தொட்டுப் பார்த்தேன். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று பூட்டியிருந்தன.

3

அந்தக் கடைவாய்ப்பல்லைப் பற்றி நிறைய வாசித்தேன். தூக்கம் வராதவனுக்கு வேறென்ன வேலை. முதல் கடைவாய்ப்பல் சுமார் ஆறு வயதில் முளைக்கிறது. எந்தப் பால்பல்லும் விழுந்து அதற்கு இடம் கொடுப்பதில்லை, வரிசைக்குப் பின்னால் தானே வந்து நிற்கிறது. அதனால் நிறைய வீடுகளில் அதுவும் பால்பல்தான் என்று நினைத்துச் சொத்தை விழ விட்டுவிடுகிறார்கள். முளைப்பது ஆறு வயதில் என்றாலும், எனாமல் கட்டத் தொடங்குவது ஏறக்குறைய நாம் பிறக்கும்போது. பிறந்த அன்று, தாயின் உடம்பிலிருந்து வெளியே வந்த அதிர்ச்சியில், எனாமல் கட்டும் செல்கள் ஒரு கணம் தடுமாறுகின்றன. அந்தத் தடுமாற்றம் ஒரு கோடாகப் பல்லில் பதிந்துவிடுகிறது. பால்பற்களிலும் இந்த முதல் கடைவாய்ப்பல்லிலும் நுண்ணோக்கியில் அதைப் பார்க்கலாம். கோட்டுக்கு ஒரு பக்கம் அம்மாவின் வயிற்றுக்குள் கட்டியது, மறுபக்கம் வெளியே வந்து கட்டியது.

அந்தச் செல்கள் பல் முளைத்து வெளியே வரும்போது அழிந்துவிடுகின்றன. எலும்பு உடைந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். உடம்பிலேயே கடினமான பொருளான எனாமலுக்கு மட்டும் திரும்ப வளர வழியில்லை. ஆறு வயதில் கொடுத்ததை வைத்துக் கடைசிவரை ஓட்ட வேண்டியதுதான்.

எனக்கு ஆறு வயதில் என்ன நடந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது.

ஒன்றாம் வகுப்பு. முன்பற்கள் இரண்டும் விழுந்து, சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிந்தாகிவிட்டது. அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். ஷிப்ட் மாறி மாறி வரும். பகலில் அவர் தூங்கும்போது வீட்டில் பாத்திரச் சத்தம் வரக் கூடாது, என் குரல் கேட்கக் கூடாது. "பல்லை ஒடச்சிருவேன்" என்பது அவருக்குச் சாதாரண வார்த்தை. பால்காரரிடமும் சொல்வார், என்னிடமும் சொல்வார். ஒருநாள் இரவு அவர் வந்தபோது சோறு ஆறியிருந்தது. நான் பாயில் படுத்திருந்தேன். கண்ணை மூடியிருந்தேன், தூங்கவில்லை. எவர்சில்வர் சொம்பு சுவரில் மோதுவதற்கு முன்னால் வேறு எதிலோ மோதிய சத்தம் கேட்டது. அம்மா கத்தவில்லை. பிறகு தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். நான் கண்ணைத் திறக்கவேயில்லை. கண்ணை மட்டும் அல்ல, என்னிடமிருந்த எல்லாவற்றையும் இறுக மூடிக்கொண்டு கிடந்தேன்.

காலையில் அம்மாவின் மேல்வரிசை முன்பல் ஒன்றில் பாதி இல்லை. உதடு வீங்கியிருந்தது. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மாவே சொன்னாள். "பாசி வழுக்கிருச்சுக்கா. இந்தா, இந்தக் குழாயடியிலதான் விழுந்தேன்." பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பார்த்து, "ஆத்தாளுக்கும் மவனுக்கும் ஒரே நேரத்துல பல்லு விழுந்துருக்குய்யா" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு மூன்று நான்கு மாதத்தில் பல் முளைத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அம்மா இரவில் பல்லைக் கடிக்க ஆரம்பித்தாளா, முன்பே கடித்துக்கொண்டிருந்தாளா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆச்சி ஊரிலிருந்து வரும்போதெல்லாம் "வயித்துல பூச்சி இருக்கும்டீ" என்று வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுப்பாள். குடல்புழுவுக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு இருப்பதாக மருத்துவம் ஒப்புக்கொள்வதில்லை. ஆச்சிக்குப் பல் சம்பந்தப்பட்ட எல்லாமே பூச்சிதான். பல்வலி வந்தால் கண்டங்கத்தரி விதையைத் தணலில் போட்டு வாய்க்குள் புகை பிடிக்கச் சொல்வாள். அம்மா கசப்பு உருண்டையை விழுங்குவாள், புகையையும் பிடிப்பாள். இரவில் நறநறவென்று கடிப்பாள். யாரும் அதைப் பற்றி வேறெதுவும் கேட்டதில்லை. நானும்தான்.

அப்பாவைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எனக்கு முதல் பிரஷ் வாங்கிக் கொடுத்து, பல்பொடிக்காரக் குடும்பத்தில் ஒருவனை பேஸ்டுக்கு மாற்றியவர் அவர். இன்ஜினீயரிங் சீட் கிடைத்த அன்று மில் வாசலில் நின்று அழுதவரும் அவர்தான். அதற்கெல்லாம் அந்தச் சொம்பு இல்லாமல் போய்விடாது. சொம்பு இருப்பதனால் இதெல்லாம் இல்லாமல் போய்விடுவதும் இல்லை. அவர் போய் நான்கு வருடமாகிறது.

4

டாக்டர் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார். உதடு மூடியிருக்கலாம், பற்கள் ஒட்டக் கூடாது. சும்மா இருக்கும்போது மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும் பற்கள் தொட்டுக்கொண்டால் போதும். "'ன்' சொல்லிட்டு அப்படியே நிறுத்துங்க. நாக்கு அங்கேயே இருக்கட்டும்" என்றார். அது எந்த 'ன்' என்று எனக்குள் இருந்த தமிழ் வாசகன் கேட்டான். தொல்காப்பியத்தின் பிறப்பியலில் இதற்குப் பதில் இருக்கிறது. 'ந்' பிறக்க நாக்கு மேல்பல்லின் அடியில் போய்ப் பொருந்த வேண்டும். 'ன்' பிறக்க நாக்கின் நுனி மேல்நோக்கிப் போய் அண்ணத்தைத் தொட வேண்டும். டாக்டர் சொன்னது இரண்டாவது. நுனிநாக்கு அங்கே இருக்கும்வரை பற்களைப் பூட்டிக்கொள்ளத் தோன்றுவதில்லை. நீங்களும் சொல்லிப் பார்க்கலாம்.

ஆனால் எப்போது கடிக்கிறேன் என்று தெரிந்தால்தானே நாக்கை நகர்த்த முடியும்? ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். காலை ஒன்பதிலிருந்து இரவு பத்துவரை, ஏதோ ஒரு நேரத்தில் போன் அதிரும். அந்தக் கணத்தில் பற்கள் எப்படி இருக்கின்றன என்று அழுத்த வேண்டும். விலகியிருந்தால் 0, தொட்டுக்கொண்டிருந்தால் 1, இறுகியிருந்தால் 2. இரண்டு வாரம் ஓட்டிவிட்டு, மணிவாரியாக வரைபடம் போட்டுப் பார்ப்பதாகத் திட்டம்.

விடை என்னவென்று முன்பே தெரியும் என்று நினைத்தேன். மாலையில் அமெரிக்க டீமோடு கால். நான் மூன்று மாதம் உழைத்ததை வேறொருவர் தன் ஸ்லைடில் காட்டிக்கொண்டிருக்க, நான் மியூட்டில் உட்கார்ந்திருப்பேன். அதுவாகத்தான் இருக்கும். கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, 2021 தொடக்கத்தில் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் எடுத்த கருத்தெடுப்பில் பத்தில் ஏழு பல் மருத்துவர்களுக்கு மேல், பல்லைக் கடிக்கிற நோயாளிகள் அதிகமாகிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்று ஒரு கட்டுரைக்கான தலைப்புக்கூட மனதில் இருந்தது.

வரைபடம் வேறு எதையோ காட்டியது. மாலைக் காலில் 1கள் நிறைய இருந்தன, அங்கங்கே 2. ஆனால் 2கள் குவிந்திருந்த இடம் இரவு எட்டரை மணி. ஏறக்குறைய தினமும். முதலில் ஸ்கிரிப்டில் பிழை என்று நினைத்து டைம்ஸோனைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. எட்டரைக்கு நான் என்ன செய்கிறேன்? மொட்டை மாடியில் நடந்துகொண்டே அம்மாவோடு பேசுகிறேன்.

சண்டை கிடையாது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம்.

"சாப்ட்டியாய்யா?"

"சாப்ட்டேம்மா. நீ?"

"ஆச்சு. அங்க மழையா?"

"இல்லம்மா."

"இன்னைக்கு உங்கப்பா படத்துக்குப் பூ போட்டேன். இருந்திருந்தா உன் வீட்ட வந்து பாத்துருப்பாரு. கோவக்காரருதான், ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாரு."

"ம்."

அந்த 'ம்'தான். அப்பா போன பிறகு அம்மாவின் பேச்சில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவராகிக்கொண்டே வந்தார். அது அவளுடைய உரிமை. அவரோடு முப்பத்திரண்டு வருடம் இருந்தவள் அவள்தான். நான் மாடியில் நடந்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் 'ம்' சொன்னேன். 'ன்' சொல்ல நாக்கு எழ வேண்டும். 'ம்' சொல்ல வாயைத் திறக்கவே வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டேகூடச் சொல்லிவிடலாம்.

5

அந்த மாதமே ஊருக்குப் போனேன். பொதிகை எக்ஸ்பிரஸில் மேல் பெர்த். கார்டை மாட்டிக்கொண்டுதான் படுத்தேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்குமே என்று பாதித் தூக்கம்தான்.

போனதற்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. அம்மாவுக்கு மேல் ஈறில் ஒரு கொப்புளம் வந்து வந்து போகும். உடைந்து சீழ் வடியும், தானே அமுங்கிவிடும். வருடக்கணக்காக அப்படித்தான். "வலி இல்லய்யா. கிராம்பு வச்சா சரியாயிரும். இந்த வயசுல எனக்கு எதுக்கு டாக்டரு" என்றாள். அவளுக்கு அறுபதுதான் ஆகிறது. வற்புறுத்தி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

படிப்பு முடித்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருக்கும் அந்தப் பையனுக்கு. அம்மாவிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினான். அவள் வாயைத் திறந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். முப்பது வருடத்தில் முதல்முறையாக அம்மாவின் வாய்க்குள் பார்க்கிறேன். அந்தப் பாதிப் பல் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. கடைவாயில் நான்கைந்துதான் மிச்சம், அவையும் மேல்முகடெல்லாம் தேய்ந்து, ராவி வைத்ததுபோலத் தட்டையாக இருந்தன. எனாமல் போய் உள்ளேயிருக்கும் மஞ்சள் தெரிந்தது. எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் காட்டினான். உடைந்த பல்லின் வேர் நுனியில் உருண்டையாக ஒரு கறுப்பு.

"இதுல நரம்பு எப்பவோ செத்துருச்சும்மா. அதான் வலி இல்ல. ஆனா உள்ள இன்ஃபெக்‌ஷன் இருந்துக்கிட்டே இருக்கு, எலும்ப அரிச்சிருக்கு. ரொம்ப வருஷம் முன்னால அடி ஏதும் பட்டுச்சா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "குழாயடியில வழுக்கி விழுந்துட்டேன் தம்பி. இவன் சின்னப் பிள்ளையா இருக்கையில."

அவன் கீபோர்டில் தட்டினான். திரையில் 'கீழே விழுந்தது' என்று ஆங்கிலத்தில் பதிவானது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். போன் அதிரவில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்தது, 2.

சாயங்காலம் அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவளிடம் கேட்பதற்கு எந்த உரிமையும் எனக்கு இல்லை என்றும் தோன்றியது. அவள் அத்தனை வருடம் கட்டிக்காத்த ஒன்றை என் தாடை வலிக்காகப் போய்க் கலைப்பதா? சென்னையிலிருந்து கிளம்பும்போது எனக்குள் ஒரு நியாயம் இருந்தது. அந்தத் தரையில் உட்கார்ந்தபோது அது இல்லை. வேறு என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. நாக்கை அண்ணத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"ம்மா. அது குழாயடி இல்லைல்ல."

அவள் கை நிற்கவில்லை. நாலைந்து தண்டு ஆய்ந்தாள்.

"நீ தூங்கிட்டேன்னு நெனச்சேன்" என்றாள்.

"தூங்கல."

"ம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லியிருக்கலாம்ல" என்றாள். யார் யாரிடம் சொல்லியிருக்கலாம் என்று நான் கேட்கவில்லை. கீரையை அலச எழுந்து போனாள். போகிற போக்கில் என் கன்னத்தை ஈரக் கையால் தொட்டு, "இங்கதான் வலிக்கா?" என்றாள். அவள் கை சரியாக அந்தத் தசையின் மேல் இருந்தது.

அவ்வளவுதான் பேசினோம். அன்று இரவு ஹாலில் ஆளுக்கொரு பாயில் படுத்தோம். ரொம்ப நேரம் விழித்திருந்து கேட்டேன். அம்மாவிடமிருந்து சத்தமே இல்லை. மனம் லேசாகிவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி இருக்காது. கடிப்பதற்கு மேலும் கீழுமாகப் பற்கள் எதிரெதிரே இருக்க வேண்டும். அவளிடம் அப்படி அதிகம் மிச்சமில்லை. காலையில் நைட் கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். என் தடங்கள் எப்போதும்போல இருந்தன, ஒன்றிரண்டு புதிதாகக்கூட. இப்போதும் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டேன். எட்டரை மணிக்கு அம்மாவோடு பேசும்போது சில நாள் 'ம்' சொல்கிறேன், சில நாள் "அப்படி இல்லம்மா" என்கிறேன். அப்படிச் சொல்கிற நாட்களில் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மறுநாள் அவளே முதலில் கூப்பிடுகிறாள்.

அம்மாவின் பல்லுக்கு வேர் சிகிச்சை முடிந்து, இரண்டு மாதம் கழித்துக் கேப் போட்டார்கள். அப்போதும் நான் கூடப் போயிருந்தேன். அந்தப் பையன் கையில் கண்ணாடியைக் கொடுத்து, "சிரிங்கம்மா பாப்போம்" என்றான். அம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே முந்தானை வாய்க்குப் போனது.

"கைய எடுங்கம்மா."

எடுத்தாள். ஒரு நொடி பார்த்தாள். மறுபடியும் கை மேலே போனது.

"பழகிப்போச்சு தம்பி" என்றாள்.